பை என் தோளில், அவர் பனிக்குள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓணம் விடுமுறையில் ஒரு நாள், பொன்முடி மலை உச்சியின் புல்மேட்டில் நடந்தது இது. இத்தனை நாள் கழித்தும், சூடான டீயின் ஆவி மூக்குக்கண்ணாடியில் படிந்து ஒரு நொடி எதிரில் இருப்பது மறைந்தால்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன்.

நானும் என் கணவரும் நாகர்கோவில் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து வாசம் திருவனந்தபுரத்தில். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். அவர் ஒரு டைல்ஸ் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மலையாளத்தில் படித்து வளர்ந்தவள், அவள் பேசும் தமிழில் பாதிக்குப் பாதி மலையாளம் கலந்திருக்கும். சிநேகிதிகளோடு சேர்ந்து விடுமுறை நாட்களில் மலை ஏறப் போவது அவளுக்குப் பித்து. அந்த ஓணத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் நடத்திக் கூட்டிப்போயே தீருவது என்று பிடிவாதமாக நின்றாள். மாடியில் துணி எடுக்கப் போனாலே நடுப்படியில் நின்று மூச்சு வாங்குகிறவர் என் கணவர். அவர் உடனே சரி என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன்.

ஒரு பகல் நடைக்குப் போனாலும் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சின்னப் பை இருக்க வேண்டும் என்பது மகளின் சட்டம். காலையில் போய் மாலையில் திரும்பப் போகிறோம், எதற்கு இதெல்லாம் என்றேன். திரும்ப முடியாமல் போனால் என்ன செய்வாய் என்று அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக வாயிலிருந்து வரும் பேச்சா அது! ஆனாலும் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் அவளோடு சேர்ந்து நானும் அலைந்தேன். உள்ளங்கை அகல ஜிப் பை மூன்று வாங்கினோம். ஒவ்வொன்றிலும் ஒரு விசில், கட்டை விரல் நீளத்துக்கு ஒரு டார்ச், காயத்துக்குப் போட பிளாஸ்திரி, அட்டைப்பூச்சி கடித்தால் தேய்க்க உப்புப் பொட்டலம், நாலாக எட்டாக மடித்த பளபளக்கும் ஒரு தாள். அந்தத் தாளை விரித்துப் போர்த்திக்கொண்டால் உடம்புச் சூடு வெளியே போகாதாம். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் எல்லாப் பையிலும் குளுக்கோஸ் பொட்டலம் வைத்தாள். என் பங்குக்கு நான் ஊக்கு, ஓமம், கடலை மிட்டாய், எலுமிச்சம்பழம் என்று திணிக்க, என் பை மட்டும் மாசமான பூனை போல ஆகிவிட்டது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேரளத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்றிய சட்டை, அதிலிருக்கும் பர்ஸ், சாவி, கண்ணாடிக் கூடு எல்லாம் பெண்டாட்டி கைக்கு வந்துவிடும். கன்னியாகுமரியில் கடலில் குளிக்கப் போனாலும் அப்படித்தான்: அவர் தண்ணீருக்குள், பை கரையில் என்னிடம். வருடக் கணக்கில் இப்படியே பழகி, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, ரயில் என்று எங்கே போனாலும் அவர் கை வீசி நடப்பார், குடும்பத்தின் மொத்தப் பொருளும் என் தோள்பையில் தொங்கும். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பை என்னிடம் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நம்பினேன்.

அன்றைக்குத் தம்பானூரில் விடியற்காலை பஸ் பிடித்தோம். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நாங்கள் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட, அவர் அரை இட்லியோடு எழுந்துவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது வாந்தி வந்துவிடும் என்று பயம். ஆனால் சர்க்கரைக்கான மாத்திரையை மட்டும் கடிகாரம் பார்த்துப் போட்டுக்கொண்டார். மாத்திரை விஷயத்தில் அவர் அவ்வளவு ஒழுங்கு. வயிற்றில் ஒன்றுமில்லாமல் அந்த மாத்திரை என்ன செய்யும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் அப்போது தோன்றவே இல்லை.

மலைமேல் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் நன்றாக இருந்தது. தேயிலைத் தோட்டங்கள் கீழே பச்சையாகத் தெரிந்தன. மகள் சின்னப் பையை அவர் இடுப்பில் கட்டப் போனாள்.

"இத இடுப்புல கெட்டிக்கிட்டு நான் என்ன கண்டக்டரா? ஒங்க அம்மை கையில குடு."

"அப்பா, அது நம்ம மேல தன்னே இருக்கணும். அதாக்கும் காரியம்."

"அம்மை கூடத்தானே வாரா. அவ கையில இருந்தா என்ன, எங் கையில இருந்தா என்ன?"

அவருடைய சின்னப் பை, போன், பர்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் வழக்கம் போல என் தோளுக்கு வந்தன. நானும் வழக்கம் போல வாங்கிக்கொண்டேன். பையிலிருந்த புளிசாதத்தைத் திரும்பி வந்து சாப்பிடலாம் என்று முடிவு செய்து புல்மேட்டுப் பாதையில் நடக்கத் தொடங்கினோம்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. பேசிச் சிரித்துக்கொண்டுதான் போனோம். திரும்பி வரும் வழியில் அவர் கொஞ்சம் ஒதுங்க வேண்டும் என்றார். பாதையை விட்டுத் தள்ளி ஒரு பெரிய பாறை இருந்தது, அதன் பின்னால் போனார். பெண்பிள்ளைகள் நாங்கள் அங்கேயே நிற்பது சரியில்லை என்று மெதுவாக முன்னே நடந்தோம். ஒரு வளைவு தாண்டியிருப்போம். கீழே பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஒன்று ஏறி வந்தது. மேகமா பனியா என்று மகளைக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவள் முகமே எனக்கு மங்கலாகிவிட்டது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. காற்று சில்லென்று ஈரமாக முகத்தில் அடித்தது. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் நின்றோம். அவர் வருவார் என்று காத்திருந்தோம். வரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பதில் வந்தது, ஆனால் பின்னாலிருந்து வரவேண்டிய குரல் எங்கள் இடது பக்கத்திலிருந்து, எங்கோ தூரத்திலிருந்து வந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து வேறு பக்கமாக இறங்கிவிட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சிய ரெண்டு பேரும்? கூடவே வரத் தெரியாதா?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. வழி தவறியதற்காக மட்டும் அல்ல. அவர் அப்படிக் கத்துகிற மனிதர் கிடையாது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அவருக்குச் சர்க்கரை இறங்கும் முன்பு கோபம் வரும். வீட்டில் அவர் காரணமில்லாமல் சள்ளென்று விழுந்தால் நான் பதில் பேச மாட்டேன், நேராகச் சர்க்கரை டப்பாவைத்தான் எடுப்பேன். கோபத்துக்குப் பிறகு வேர்வை, பிறகு உளறல், பிறகு மயக்கம். ஒரு தடவை வீட்டிலேயே மயக்கம் வரை போய்ப் பார்த்திருக்கிறேன். அன்று பக்கத்து வீட்டில் கார் இருந்தது. இங்கே என்ன இருக்கிறது? அவருக்கு வேண்டிய குளுக்கோஸ், மிட்டாய், தண்ணீர், டார்ச், விசில், அவருடைய போன் உட்பட எல்லாம் என் தோளில் இருந்தன. அவர் கையில் ஒரு கைக்குட்டை இருந்திருக்கலாம்.

பையைத் திறந்து விசிலை எடுத்து ஊதினேன். மூச்சு முட்ட ஊதினேன். அவர் குரல் நெருங்கி வந்தது. ஊத ஊத நெருங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அப்போது ஒரு சத்தம் கேட்டது. கல் ஒன்று உருண்டது. உருண்டது நிற்கவில்லை. எங்கோ இடித்து, மறுபடி இடித்து, கீழே வெகு ஆழத்தில் போய்த் தண்ணீரில் விழுந்தது.

மகள் என் கையைப் பிடித்து விசிலை வாயிலிருந்து இறக்கினாள்.

"ஊதண்டா அம்மா. இடையில தோடு உண்டு. சத்தம் கேட்டு அப்பா நேரே வரும்."

ஊத வேண்டாம் என்கிறாள்; தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓடைப் பள்ளம் இருந்திருக்கிறது. போகும்போது மேலிருந்து பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்த அதே பள்ளம். அதை நோக்கித்தான் நான் இவ்வளவு நேரம் என் புருஷனை விசில் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பயந்ததில்லை. விசில் நின்றதும் அவர் இன்னும் கோபமாகக் கத்தினார்.

"அங்கயே நில்லுங்க! அசையாதீங்க!" என்று கத்தினேன்.

"எனக்குச் சொல்லித் தாரியா நீ? நான் வாரேன். இந்தா, நேரா வாரேன்."

மறுபடி ஒரு கல் உருண்டது.

சர்க்கரை இறங்கிய நேரத்தில் அவரிடம் ஒன்றைச் செய்யாதே என்றால் அதைத்தான் செய்வார். உட்கார் என்றால் எழுந்திருப்பார், சாப்பிடு என்றால் தட்டைத் தள்ளுவார். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று காட்டவே ஓடுவார். மகள் மெல்ல விசும்பத் தொடங்கினாள். அவள் அழுவதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு புத்தி வந்தது. அதை நான் யோசித்துச் செய்தேன் என்று பெருமை பேச மாட்டேன். வாய் தானாகச் சொன்னது.

"இஞ்சேருங்க, எனக்கு வழி தெரியல. பிள்ளையும் நானும் மாட்டிக்கிட்டோம். நீங்க நடக்க நடக்கச் சத்தம் மாறுகு, எனக்குத் திக்குப் பிடிபடல. ஒரே இடத்துல உக்காந்து குரல் குடுங்க. அத வச்சு நாங்க வாரோம்."

கல் உருளும் சத்தம் நின்றது. பிறகு அவர் குரல் வந்தது, பழைய குரல், கொஞ்சம் பெருமையோடு.

"அப்பவே சொன்னேம்லா கூடவே வாண்ணு. சரி, நான் உக்காந்துட்டேன். இந்தா குரல் குடுக்கேன். பைய வா, பிள்ளையப் பிடிச்சுக்கோ."

தொலைந்தது நாங்கள், காப்பாற்ற வேண்டியது அவர் என்று ஆனதும் மனிதர் உட்கார்ந்துவிட்டார்!

ஓடை தொடங்கும் இடம் மேலே இருக்கும், அதைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றாள் மகள். என் முந்தானை நுனியைத் தன் இடுப்புப் பட்டையில் முடிந்துகொண்டு அவள் முன்னே போனாள். டார்ச்சை அடித்தால் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டது போல நம் முகத்துக்கே திரும்பியது, அதனால் தரையைப் பார்த்து அடித்து, ஒவ்வொரு அடியாகக் காலால் தடவிப் பார்த்து நடந்தோம். புல் ஈரத்தில் வழுக்கியது. செருப்பில் அட்டைகள் ஏறுவது தெரிந்தது, உதறக் கை வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் வலது பக்கம் இருக்கும்வரை நாம் சரியாகப் போகிறோம் என்று மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் எனக்குச் சொன்னாளா தனக்குச் சொல்லிக்கொண்டாளா தெரியாது.

அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. "இந்தா, இஞ்ச. இஞ்ச." ஒவ்வொரு 'இஞ்ச'வுக்கும் நான் "ஆங்" என்று பதில் கொடுத்தேன். சற்று நேரத்தில் அந்தக் குரலில் ஒரு குழறல் சேர்ந்தது. பிறகு அவர் சொல்வது மாறியது.

"போரட்டே... போரட்டே... இடத்தே ஒடி... போரட்டே..."

கிடங்கில் லாரி பின்னால் வரும்போது டிரைவருக்கு அவர் கொடுக்கிற குரல் அது. வரட்டும், வரட்டும், இடப்பக்கம் ஒடி என்று. வீட்டில் நானும் மகளும் அதைச் சொல்லிக் காட்டி அவரைக் கிண்டல் செய்திருக்கிறோம். அன்றைக்கு அந்த வெள்ளைக்குள்ளிருந்து அது கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மலையில் இல்லை, எங்களுக்காகவும் கூப்பிடவில்லை. நினைவு தப்பி எங்கோ போய்க்கொண்டிருந்தார். "போரட்டே" இடைவெளி விட்டு வந்தது. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு நின்றுவிட்டது.

"ஏங்க" என்றேன். "இஞ்சேருங்க!" மகள் "அப்பா, அப்பா" என்று கூவினாள். காற்றும் தண்ணீரும் தவிர வேறு சத்தம் இல்லை. ஓடையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிட்டோம் என்பது தெரிந்தது, ஆனால் அவர் எங்கே? முன்னாலா, மேலா, கீழா? குரல் இல்லாமல் போனால் அந்த மலையில் அவர் ஒரு கல்லுக்குச் சமம். பக்கத்திலேயே இருந்தாலும் தாண்டிப் போய்விடுவோம். மகள் என்னை இழுத்தாள், நான் நகரவில்லை. அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை நேரம் அவரை ஏமாற்றுவதற்காகச் சொன்ன எதுவும் அப்போது மனதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் சொல்லாத ஒன்றை, வாய்விட்டு அழுதுகொண்டே சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

கைக்கெட்டும் தூரத்திலிருந்து, தூக்கத்தில் பேசுவது போல, ஒரு குரல் வந்தது.

"பயப்படாத. நான் இருக்கேம்லா."

ஒரு புதரைத் தாண்டி அவர் உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, பனியா வேர்வையா தெரியவில்லை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. மகள் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள். தண்ணீரை வாயில் ஊற்றினால் புரை ஏறிவிடும் என்று பயந்து, விரலைத் தண்ணீரில் நனைத்துக் குளுக்கோஸில் தொட்டு, அவர் கன்னத்தின் உள்பக்கம் தடவினேன். தடவினேன், காத்திருந்தேன், மறுபடி தடவினேன். முதலில் அது அப்படியே உதட்டோரம் வழிந்தது. பிறகு அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. விழுங்கினார்! மகள் பளபளக்கும் தாளை விரித்து அவரைச் சுற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. "இது என்ன, மண்ணு மாதிரி இருக்கு" என்று அவர் முகத்தைச் சுளித்தபோது மகள் சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். கொஞ்சம் தெளிந்ததும் கடலை மிட்டாயும், பிறகு புளிசாதமும் கொடுத்தோம். அவர் பசியோடு சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடிக்கும்போது பனி விலகியது. வந்தது போலவே திடீரென்று. அப்போதுதான் பார்த்தேன். அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே புல் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கீழே, மிகக் கீழே, ஓடைத் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னும் சில அடி நடந்திருந்தால் என்று நான் நினைத்து முடிக்கவில்லை, இன்றுவரை நினைத்து முடித்ததில்லை. அவர் அந்தப் பள்ளத்தைச் சாவகாசமாக எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல ஆழம்தான் என்றார்.

சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கினோம். மறுநாளே டாக்டரிடம் போனோம். சாப்பிடாமல் மாத்திரை போட்டதற்காக அவருக்குக் கிடைத்த திட்டில் எனக்கும் பங்கு கிடைத்தது. இப்போது ஊர் ஊராக மூட்டை சுமக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். பழவங்காடியில் தேங்காய் உடைக்கப் போனாலும் அவர் இடுப்பில் அவர் பை. கண்டக்டர் என்று மகள் கேலி செய்தாலும் அவர் அதை அவிழ்ப்பதில்லை.

சர்க்கரை இறங்கிய நேரத்தில் நடந்தது அவருக்குச் சரியாக நினைவில்லை. எங்கள் அழுகையோ, கன்னத்தில் தடவியதோ, 'போரட்டே'வோ எதுவும் தெரியாது. நாங்கள் வழி தெரியாமல் கத்தியதும், அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்ததும், அந்தக் குரலைப் பிடித்து நாங்கள் வந்து சேர்ந்ததும் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாகர்கோவிலில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்தவுடன் தொடங்கிவிடுவார். "பொன்முடியில இவ வழி தவறிட்டா. கெடந்து அழுகா. நான் மட்டும் குரல் குடுக்கலண்ணா அண்ணைக்கு அம்மையும் மகளும் போய்ச் சேர்ந்திருப்பாவ." சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மகள் ஏதோ சொல்ல வருவாள், நான் அவள் தொடையைக் கிள்ளிவிடுவேன்.

அவர் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லட்டும், வருடா வருடம் கொஞ்சம் கூட்டியும் சொல்லட்டும். எதிரில் உட்கார்ந்து அந்தப் பொய்யை அவர் வாயால் கேட்கும் ஒவ்வொரு தடவையும், கேட்பதற்கு அந்தக் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.